பத்தியமும் பட்டினியும்

நோயுற்றவனைக் காணச் செல்வோர் மருந்தைப்பற்றி ஒரு வார்த்தையும், பத்தியத்தைப்பற்றி ஒன்பது வார்த்தையும் பேசுவது நம் நாட்டு வழக்கம். 'அது சூடு', 'இது வாயு', 'அதைத் தொடாதே', 'இதைக் கண்ணாலும் பாராதே' என்று ஆளுக்கொரு விலக்குச் சொல்லிச் செல்வர். அவ்விலக்குக்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நோயாளி உண்ணத்தக்கதாக எஞ்சுவது வெந்நீர் ஒன்றே. பத்தியம் என்னும் நல்ல சொல் இவ்வாறு நாளடைவில் பட்டினி என்பதற்கு மறுபெயராயிற்று. மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறானவர். 'மருந்தை விழுங்கினாற் போதும். உணவினால் ஆவது ஒன்றுமில்லை. எதை வேண்டுமாயினும் உண்க' என்பர். இவ்விரு கூற்றும் பிழையென்பதே யாம் இங்கே நிறுவக் கருதுவது. உணவு சில நோய்களில் மருந்தேயாகும். மருந்தாயின் அதற்கு அளவும், காலமும், கண்காணிப்பும், முடிவும் வேண்டும். இந்நான்கும் இல்லாத பத்தியம் பட்டினியே.

இதற்கு எடுத்துக்காட்டாக யாம் கொண்டது நீடித்த குடல் அழற்சி நோய். அது பொங்கியெழும் காலத்தில், வயதுவந்தோர்க்கு உணவினால் ஆகத்தக்கது யாது, ஆகாதது யாது என்பதே வினா. கலாசாலைச் சஞ்சிகையில் இவ்வாராய்ச்சி எதற்கு எனக் கேட்போர் இருக்கலாம். இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில். அஃதாவது, நம் வகுப்புக்களில் அமர்ந்திருப்போர் வயதிலும், இங்கிருந்து சென்று உத்தியோகத்தில் அமர்ந்த பழைய மாணவர் வயதிலுமேயாம். மேலும் இது வெட்கத்தால் மறைக்கப்படும் நோய். நாளைக்குப் பன்முறை கழிப்பறைக்கு ஓடும் இளைஞன் அதனை உடனுறையும் தோழனிடத்தும் சொல்லான். உண்பதைக் குறைத்தால் ஓடுவதும் குறையும் எனத் தானே ஒரு தீர்ப்புச் செய்துகொண்டு, காலைச் சிற்றுண்டியை விடுவான்; பின்னர் இரவு உணவையும் விடுவான். சில திங்களில் சட்டை தொங்கும்; முகம் வெளுக்கும்; பரீட்சைக்குப் படிக்க அமர்ந்தால் தலை சுற்றும். அவனைக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

இந்நோய் இருவகைப்படும். ஒன்று பெருங்குடற் புண் அழற்சி. இது மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலின் உட்படலத்தில் மேல்நோக்கிப் பரவுவது. 1859-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் ஸாமுவேல் வில்க்ஸ் இப்பெயரை வழங்கினார். மற்றொன்று குரோன் நோய். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் என்னும் மூவர் இதனை விளங்க எழுதினர். மூவரில் முதற்பெயரே நோய்க்குப் பெயராயிற்று. இது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தும் தோன்றலாம். குடற்சுவரின் முழுக் கனத்தையும் பற்றலாம். நாட்பட்டால் குடலைச் சுருக்கி வழியை அடைத்தலும், புரையோடுதலும் உண்டு. இரண்டும் தொற்றுவன அல்ல. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, குடலில் வாழும் நுண்ணுயிர்களின்மேலும் குடலின்மேலும் நிலைதவறிப் போர்தொடுப்பதால் விளைவன. பிறப்பிலமைந்த இயல்பும் சூழ்நிலையும் சேர்ந்தே இதற்குக் காரணமாகின்றன. சில காலம் தணிந்திருந்து, சில காலம் பொங்குவது இவற்றின் தன்மை.

'இவை மேல்நாட்டார் நோய்கள். கஞ்சியும் மோரும் உண்ட நம்மை அணுகா' என்று கூறுவோரும் உளர். பஞ்சாபில் லூதியானாவைச் சார்ந்த வைத்தியர் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்து 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெருங்குடற் புண் அழற்சி லட்சம் பேரில் ஏறக்குறைய 44 பேர்க்கு இருக்கக் கண்டனர். ஆகவே அந்த ஆறுதல் நிலையாது. அன்றியும் நம் நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. குடலைப் பற்றும் க்ஷயரோகமும் குரோன் நோயும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்குக் கேடாய் முடியும். ஆதலின், எந்தப் பத்தியத்தையும் தொடங்குமுன் நோய் இன்னதென்று வைத்தியரால் துணியப்படல் வேண்டும். உடற்கூற்றில் அழற்சியின்றியே வயிற்றுவலியும் போக்கும் தரும் குடல் உபத்திரவம் வேறு, இது வேறு. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், இரவில் உறக்கத்தினின்றும் எழுப்பும் போக்கு ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் பாட்டி வைத்தியத்தோடு நின்றுவிடலாகாது.

இனிப் பட்டினியைப்பற்றிப் பார்ப்போம். 'லங்கணம் பரம ஔஷதம்' என்பது பழமொழி. ஒருவேளை அஜீரணத்துக்கு அது பொருந்தலாம். திங்கட்கணக்கில் நின்று வருத்தும் நோய்க்குப் பொருந்துமா? மேல்நாட்டு வைத்தியரும் ஒருகாலத்தில் இவ்வெண்ணமே கொண்டிருந்தனர். நோய் பொங்கும்போது வாய்வழி உணவை அறவே நிறுத்தி, இரத்தக்குழாய் வழியே சத்தைச் செலுத்தி, குடலுக்கு ஓய்வளித்தனர். 1986-ல் கடுமையான பெருங்குடல் அழற்சி கண்டோரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு உணவை நிறுத்தியும், மற்றவர்க்கு உணவளித்தும் இங்கிலாந்தில் சோதித்தனர். வாய்மூடிக் கிடந்ததால் விளைந்த நன்மை யாதும் காணப்படவில்லை. 1988-ல் 51 குரோன் நோயாளரிடத்தில் நடந்த சோதனையும் இதையே காட்டிற்று. சத்து வேண்டும், குடலுக்கு ஓய்வு என்பது நோயைத் தணிக்கும் காரணமன்று என்பது துணிபாயிற்று.

இதற்கு ஏது வெளிப்படையானதே. புண்பட்ட குடல் நாடோறும் இரத்தத்தையும் புரதத்தையும் இழக்கின்றது. காய்ச்சல் உடலின் செலவை மிகுவிக்கின்றது. ஸ்டீராய்டு என்னும் மருந்து நோயை அடக்கும்போதே தசையையும் எலும்பையும் தேய்க்கின்றது. வரவு மிகவேண்டிய அந்நாளில் உண்பதை நிறுத்துவது, வேலை மிகுந்த காலத்தில் வேலையாளின் கூலியைப் பிடித்துக்கொள்வது போலாம்.

பட்டினி மருந்தன்றாயின், உணவு மருந்தாகுமா? ஆகும் என்பதற்குத் தக்க சான்று குரோன் நோயில் உண்டு. 1984-ல் லண்டனையடுத்த ஹாரோ என்னுமிடத்தில் ஓமொரேன், சீகல், லீவை என்னும் வைத்தியர்கள் நோய் பொங்கிய 21 பேரைத் தெரிந்து, சிலர்க்குப் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டும், சிலர்க்கு வேறு உணவொன்றுமின்றிச் சத்துத் திரவம் மாத்திரமும் கொடுத்தனர். அத்திரவம் புரதத்தின் அடிப்படையான அமினோ அமிலங்கள், சர்க்கரை, சிறிது கொழுப்பு, வைட்டமின்கள், உப்புக்கள் ஆகியவற்றாலாயது. 4 வாரத்திலும் 12 வாரத்திலும் பார்த்தபோது, திரவம் அருந்தினோர் மருந்துண்டோர்க்குக் குறையாமல் தேறியிருந்தனர். பிற்காலத்தில், பிரிக்கப்படாத முழுப் புரதத்தைக் கொண்ட எளிய திரவமும் இதே பயனைத் தருமென்று தெளிந்தனர்.

இம்முறை இன்று சிறுவர்க்கு முதல் மருந்தாகவே பல நாடுகளில் கொள்ளப்படுகின்றது. வயதுவந்தோர்க்கு அத்துணைச் சிறப்பில்லை. 2018-ல் முன்னைச் சோதனைகளையெல்லாம் தொகுத்து நோக்கிய காக்ரேன் குழுவினர் கண்ட கணக்கு இது: சிறுவரில், திரவ உணவால் தணிவு பெற்றவர் நூற்றுக்கு 83, ஸ்டீராய்டால் தணிவு பெற்றவர் நூற்றுக்கு 61. பெரியோரில், திரவ உணவால் 45, ஸ்டீராய்டால் 73. இச்சான்றுகள் திண்ணியன அல்லவென்று அவர்களே கூறியுள்ளனர். எனினும் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் உள்ள இவ்வேற்றுமை கருதத்தக்கது. 6 முதல் 8 வாரம் வரை சோறில்லை, குழம்பில்லை, காப்பியில்லை. காலை, நண்பகல், மாலை, இரவு யாவும் ஒரே சுவையுள்ள திரவமே. சிறுவனைத் தாய் அருகிருந்து ஊட்டுகிறாள். பெரியவனோ அலுவலுக்குச் செல்லவேண்டும்; கலியாண வீட்டுக்குச் செல்லவேண்டும்; பிறர் உண்பதைப் பார்த்திருக்கவேண்டும். பெரியோர் பலர் நடுவிலேயே விட்டுவிடுகின்றனர். மருந்து பலிக்கவில்லை என்பதினும், மருந்தை முடிக்கமாட்டாமை பெருங்காரணமாகும் என்பது எம் கருத்து. ஆகவே இதனை மேற்கொள்வோர்க்குப் பக்கத்துணை வேண்டும். 'மனவுறுதி இல்லாதவன்' என்னும் ஏச்சு வேண்டா.

இவ்விடர் நீங்குமாறு, இஸ்ரவேல் நாட்டு வைத்தியர் ஆரி லெவீன் என்பாரும் அவர் துணைவரும் மற்றொரு முறை வகுத்தனர். கோழியிறைச்சி, முட்டை, வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள், அரிசி முதலிய சில எளிய பண்டங்களை அளவறிந்து உண்டு, அதனோடு ஒரு பகுதி சத்துத் திரவமும் அருந்துவது அது. கோதுமை, பால், பதப்படுத்திய இறைச்சி, பொட்டலங்களில் அடைத்துவரும் தின்பண்டங்கள் ஆகியவை விலக்கு. வாரங்கள் செல்லச் செல்ல விலக்குக்கள் தளரும். 2019-ல் சிறுவரிடத்தில் சோதித்தபோது, முழுத் திரவ முறையைக்காட்டிலும் இது தாங்குதற்கு எளிதாயிருந்தது. 2022-ல், நோய் மிகக் கடுமையாகாத 40 பெரியோரிடத்தில் சோதித்ததில், 6-ஆம் வாரத்தில் திரவத்தோடு உண்டவர் 19 பேரில் 13 பேரும், திரவமின்றி உண்டவர் 21 பேரில் 12 பேரும் தணிவடைந்தனர். 24-ஆம் வாரத்தில் உள்நோக்குக் கருவியால் குடலைப் பார்த்தபோது 40 பேரில் 14 பேர்க்குப் புண் ஆறியிருந்தது. எண்ணிக்கை சிறிது, ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமான உணவுண்ணும் கூட்டமும் அதில் இல்லை. ஆயினும், சமைத்த உணவாலும் பெரியோர்க்கு ஆவது உண்டு என்னும் நம்பிக்கைக்கு இஃது இடந்தருகிறது.

விலக்கு மிகுந்தால் நன்மை மிகும் என எண்ணுவோர் கேட்கவேண்டிய மற்றொரு செய்தி உண்டு. தானியம் யாவும், சர்க்கரையும், பாலும் நீக்கிய கடும்பத்தியம் ஒன்று அமெரிக்காவில் வெகுகாலமாய்ப் பேர்பெற்றது. அதனையும், காய், கனி, பயறு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் ஆகியவை நிறைந்த மத்தியதரைக்கடல் நாட்டு உணவையும், 194 குரோன் நோயாளரிடத்தில் சீர்தூக்கி 2021-ல் வெளியிட்டனர். 6 வாரத்தில் உபத்திரவம் தணிந்தவர் கடும்பத்தியத்தில் நூற்றுக்கு 46 பேர்க்குச் சற்று மேல். தாராள உணவில் 43 பேர்க்குச் சற்று மேல். வேற்றுமை இல்லையென்றே கொள்ளலாம். இத்துணைத் தானியத்தையும் துறந்து பெற்ற பேறு யாது?

பெருங்குடற் புண் அழற்சியிலோ, உணவு ஒன்றையே கொண்டு பொங்கிய நோயைத் தணிக்கலாம் என்பதற்கு இவ்வளவு சான்றும் இல்லை. அங்கே உணவு துணைவன், தலைவன் அல்லன். புதுதில்லி அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தார், கடுமையாய்ப் பொங்கிய 62 பேரிடத்தில், ஒரு சாரார்க்கு ஸ்டீராய்டோடு 7 நாள் சத்துத் திரவமும் கொடுத்துப் பார்த்து 2021-ல் எழுதினர். திரவம் சேர்ந்தவரிடத்தில் மருந்து பலியாமற் போவது குறையும் போக்குக் காணப்பட்டது. மருந்தை விட்டுவிட்டு அன்று, மருந்தோடு சேர்த்தே என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

உபத்திரவம் தணிவது வேறு, அழற்சி தணிவது வேறு என்பதும் மறக்கலாகாதது. வெங்காயம், பூண்டு, கோதுமை, சில பயறுகள் முதலியவற்றில் உள்ள, எளிதிற் புளித்து வாயுவாகும் மாவுச்சத்துக்களைக் குறைக்கும் முறையொன்று மெல்போர்னில் தோன்றியது. நோய் தணிந்திருந்தும் வயிற்றுப்பொருமல் நீங்காத 52 பேரிடத்தில் லண்டனில் இதனைச் சோதித்து 2020-ல் வெளியிட்டனர். பொருமல் குறைந்தது, அழற்சியைக் காட்டும் அளவைகளில் மாறுதல் இல்லை. ஆகவே 'வயிறு இலேசாயிற்று. நோய் போயிற்று' என்று மருந்தை நிறுத்துவோன், புகை குறைந்தது கண்டு நெருப்பு அவிந்ததென உறங்குவோனை ஒப்பான். மலத்தில் கால்புரொடெக்டின் என்னும் பொருளை அளத்தல், இரத்தச் சோதனை, உள்நோக்குக் கருவி ஆகியவையே நெருப்பின் நிலையை உரைக்கும்.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். நோய் பொங்குங்கால் சிறுசிறு அளவாய்ப் பலமுறை உண்பது நன்று. குழைந்த சோறு, கஞ்சி, இட்லி, இடியாப்பம், தோல் நீக்கி நன்கு வெந்த பாசிப்பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த உருளைக்கிழங்கு, கனிந்த வாழைப்பழம் ஆகியவை பலர்க்கும் ஒத்துக்கொள்வன. கஞ்சி மாத்திரம் போதாது. அதனிற் புரதம் குறைவு என்பதை அன்பினால் கஞ்சி வைத்துக்கொடுக்கும் வீட்டார் அறிதல் வேண்டும். போக்கு மிகுந்தால் உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த உயிர்காக்கும் கரைசல் பருகவேண்டும். குடல் சுருங்கியிருப்பதாய் வைத்தியர் கூறின், வாழைத்தண்டு, கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளம், நிலக்கடலை முதலிய நாரும் தோலும் உள்ளவற்றை நீக்கல் வேண்டும். வழியில் அடைப்பு நேரலாம். சுருக்கம் இல்லாதவர்க்கு நார்ப்பொருள் பகையன்று. தணிவுக் காலத்தில் நண்பனே. மிளகாய் எரிச்சலை மிகுவிக்கலாம். நோயைப் பிறப்பித்தது அதுவன்று. பால் சிலர்க்கே ஒவ்வாது. யாவர்க்கும் அதை விலக்கினால் எலும்புக்கு வேண்டும் சுண்ணச்சத்து, அதிலும் ஸ்டீராய்டு உண்ணும் நாளில், எங்கிருந்து வரும்? நாளைக்கு 6 முறைக்கு மேல் இரத்தம் கலந்த போக்கும், காய்ச்சலும், நாடித்துடிப்பு மிகுதலும் சேர்ந்து கண்டால், அன்று அடுக்களையை நாடலாகாது, ஆஸ்பத்திரியை நாடவேண்டும்.

இவற்றையெல்லாம் நோக்குங்கால் யாம் தொடக்கத்திற் கூறிய நான்கும் தெளிவாகும். மருந்தாகிய உணவுக்கு அளவு உண்டு: இவ்வளவு புரதம், இவ்வளவு திரவம் என்று கணக்கிடல் வேண்டும். காலம் உண்டு: 6 வாரம், 8 வாரம், 12 வாரம் என்று வரையறுத்தல் வேண்டும். கண்காணிப்பு உண்டு: எடை, இரத்தத்தில் இரும்புச்சத்து, பி12, டி என்னும் வைட்டமின்கள் குறையாது பார்த்தல் வேண்டும். முடிவும் உண்டு: நம் முன்னோர் மறுபத்தியம் என்று ஒன்று வகுத்து, மருந்து முடிந்தபின் படிப்படியாய் இயல்பான உணவுக்குத் திரும்பச் செய்தனர். இன்றைய உணவியல் வல்லுநரும், விலக்கிய பண்டங்களை ஒவ்வொன்றாய்த் திரும்பச் சேர்க்கவே கற்பிக்கின்றனர். கைப்பேசியிற் கண்டும் அண்டைவீட்டாரிடம் கேட்டும் தொடங்கும் பத்தியத்துக்கோ தொடக்கம் மாத்திரமே உண்டு. ஆண்டு கழிந்தும் அவன் தயிரைத் தொடான். ஏன் என்றால் காரணமும் அறியான்.

குற்றம் நோயாளர்மேல் மாத்திரம் அன்று. 'உணவைப்பற்றி என்னைக் கேளாதே' என்று மருந்துச் சீட்டை நீட்டி அனுப்பும் வைத்தியரே, அவனைப் போலிப் பத்தியம் விற்போர் வாயிலுக்கு வழியனுப்புகின்றார். பசித்தவன் கேட்கும் முதற்கேள்வி 'யான் என்ன உண்பேன்?' என்பது. அதற்கு விடையளிப்பவனையே அவன் நம்புவான். விடை பொய்யாயினும் நம்புவான். அமெரிக்கக் குடல்நோய் வைத்தியர் சங்கத்தார் 2024-ல் வெளியிட்ட அறிவுரையில், இந்நோயாளர் சிகிச்சையில் உணவியல் வல்லுநர்க்கும் இடம் வேண்டுமென வற்புறுத்தியுள்ளனர். நம் ஆஸ்பத்திரிகளிலும் வைத்தியரும் உணவியல் வல்லுநரும் ஒரே நாளில், ஒரே கூடத்தில் நோயாளியைக் காணும் ஏற்பாடு வேண்டும். சத்துத் திரவத்தின் விலை எளியோர்க்கு எட்டாதது. மாத்திரையை மருந்தென்று இலவசமாய் வழங்கும் தருமம், மருந்தாகிய இவ்வுணவையும் மருந்தென்றே எண்ணுதல் நியாயம்.

நம் கலாசாலையளவிற் செய்யத்தக்கதும் சிறிது உண்டு. விடுதிச் சமையற்கூடத்தில், முன்னாளிற் சொல்லிவைத்தால் காரமின்றிக் குழைந்த சோறும் ஒரு முட்டையும் தனியே தருவது பெருஞ்செலவன்று. பரீட்சைக் கூடத்தில் வாயிலண்டை ஓரிடமும், கேள்வியின்றி வெளிச்செல்ல அனுமதியும் கொடுப்பது சட்டத்தைக் கெடுப்பதன்று. தோழன் உண்ணாது எழுந்தால் 'உனக்கென்ன வந்தது?' என்று நகையாமல், தனித்துக் கேட்டு, வைத்தியரிடம் உடன்செல்வது யாவராலும் இயலும்.

மாணவ நண்பர்காள்! உங்களுள் இந்நோயுற்றார் ஒருவர் இருப்பின், அவர்க்கு யாம் சொல்வது இவ்வளவே. பசியைப் பகையாக்கிக் கொள்ளாதீர். உண்பதை நிறுத்தி நோயை வென்றார் இலர். எந்தப் பத்தியத்தை எவர் சொல்லினும், 'எவ்வளவு? எத்தனை நாள்? யார் பார்த்துக்கொள்வார்? எப்பொழுது முடியும்?' என்னும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான்குக்கும் விடையுள்ளதாயின் அது மருந்து, துணிந்து கைக்கொள்ளுங்கள். விடையில்லையாயின், சொன்னவர் அன்புக்கு நன்றி கூறி, இலையின்முன் அமர்ந்து உண்ணுங்கள்.